இனிப்பு நீரும் இருவகை மருத்துவமும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் நிலையில் ஒரு விளக்கம்

முன்னுரை

பங்சாரிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நாட்டு மருந்துக் கடைகளுக்குச் செல்ல அதிக நேரம் பிடிப்பதில்லை. காலையில் சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரைகளைப் பெற்றுக்கொள்ளும் முதியவர் ஒருவர், அன்று மாலையே ஆவாரம்பூப் பொடியையோ சிறுகுறிஞ்சான் பொடியையோ வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது நம் சமூகத்தில் இயல்பாகக் காணக்கூடிய ஒன்று. இதில் வியப்பில்லை, குற்றமும் இல்லை. ஆனால், பொடி வாங்கியதை அவர் மருத்துவரிடம் சொல்வதில்லை. மாத்திரை உண்பதைப் பொடி தருபவரிடமும் சொல்வதில்லை. இரண்டு மருத்துவங்களுக்கும் இடையில் நிலவும் இந்த மௌனமே இக்கட்டுரையின் மையப் பொருளாகும்.

2019ஆம் ஆண்டு மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் 31.4 விழுக்காடு, அதாவது, ஏறத்தாழ மூவருள் ஒருவர். நோயுற்றோருள் பாதியளவினர் தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்களாக இருந்தனர் என்பதையும் அவ்வாய்வு காட்டியது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் தேசிய விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்திருந்தாலும், நம் சமூகம் கவலையின்றி இருக்கும் நிலை வந்துவிட்டதாகக் கொள்ள இடமில்லை. எனவே, நீரிழிவை நவீன மருத்துவமும் இந்திய மரபு மருத்துவமும் எவ்வாறு நோக்குகின்றன, இரண்டும் எங்கே ஒத்துச் செல்கின்றன, எங்கே கவனம் தேவை என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

இந்நோய்க்கு வழங்கும் பெயர்களே ஒரு வரலாற்றைக் கூறுகின்றன. மலேசியத் தமிழர் பேச்சில் ‘இனிப்பு நீர்’ என்பது பெருவழக்கு. மலாய் மொழியின் ‘கென்சிங் மானிஸ்’ என்பதும் இதே பொருளுடையது. வடமொழி மருத்துவ நூல்கள் ‘மதுமேகம்’ என்கின்றன; மது என்பது தேன், மேகம் என்பது சிறுநீர் கழிதல். ஐரோப்பிய மருத்துவத்தின் ‘டயாபிட்டிஸ் மெலிட்டஸ்’ என்னும் பெயரில் முதற்சொல் கிரேக்கம். ‘ஊடே கடந்து செல்வது’ என்பது அதன் பொருள். அடுத்த சொல் இலத்தீன். தேனின் இனிமையைக் குறிப்பது. தமிழின் ‘நீரிழிவு’ என்பதில் உள்ள ‘இழிதல்’, இறங்குதல், கீழ்நோக்கி வழிதல் என்னும் பழம்பொருளில் வந்தது. உடலின் நீர் வழிந்து செல்வதையே அது குறித்தது.

இக்காலத்தில் ‘இழிவு’ என்றால் தாழ்வு என்னும் பொருளே முன்னிற்கிறது. நோயை மறைத்தல், ஊசி போடுவதைப் பிறர் அறியாதபடி செய்தல், திருமணப் பேச்சில் அதைப் பற்றி வாய் திறவாமை ஆகிய வழக்கங்களைக் காணும்போது, சொல்லில் இல்லாத இழிவை நாமே நோயின்மீது ஏற்றியுள்ளோமோ என்று எண்ணத் தோன்றுகிறது. நீரிழிவு ஒழுக்கக் குறையன்று. பரம்பரையும் வாழ்க்கைமுறையும் கூடி விளைவிக்கும் உடற்கோளாறு ஆகும்.

நோயின் இயல்பு: நவீன மருத்துவ நோக்கு

நாம் உண்ணும் மாவுப்பொருள் செரித்துக் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையத்திலுள்ள பீட்டா உயிரணுக்கள் சுரக்கும் இன்சுலின், அக்குளுக்கோசை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை வெளியிடாதபடியும் தடுக்கிறது. முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா உயிரணுக்களை அழித்துவிடுவதால் இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. காலப்போக்கில் சுரப்பும் குறைகிறது. நம்மிடையே மிகுதியாகக் காணப்படுவது இரண்டாம் வகையே.

1921ஆம் ஆண்டு கனடாவின் தொராந்தோவில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922ஆம் ஆண்டு சனவரியில் அது முதன்முறையாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் முதல் வகை நீரிழிவு என்பது விரைவில் வரும் மரணம் என்றே பொருள்பட்டது. இந்த வரலாற்றை அறிந்தவர் எவரும், முதல் வகை நோயுற்ற பிள்ளையின் இன்சுலினை நிறுத்திவிட்டு வேறு மருந்தை நாடுமாறு கூறத் துணியமாட்டார். அவ்வாறு நிறுத்தினால் சில நாள்களிலேயே இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கு ஆபத்து நேரலாம்.

நோயைக் கண்டறிவதற்கான அளவுகளைத் தெரிந்துகொள்வதும் தேவை. வெறும் வயிற்றில் எடுக்கப்பட்ட இரத்தத்தில் சர்க்கரை 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவைக் குறிக்கும். ‘எச்.பி.ஏ.1சி’ என்னும் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டுவது. உலக அளவில் இதற்கு 6.5 விழுக்காடு எல்லையாகக் கொள்ளப்படுகிறது. மலேசிய வழிகாட்டி நெறிகள் 6.3 விழுக்காட்டை எல்லையாக வகுத்துள்ளன. நோய்க்குறி இல்லாதவருக்கு ஒரு முறை கிடைத்த அளவைக் கொண்டு முடிவு செய்யாமல், மறுபடியும் பரிசோதித்து உறுதிப்படுத்துவது முறை. தமிழகத்து இதழ்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் பின்பற்றுவோர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். அங்கு மில்லிகிராம் கணக்கு வழங்குகிறது; இங்கு மில்லிமோல் கணக்கு. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் அளவு கிடைக்கும். அங்குள்ள 126, இங்குள்ள 7.0 ஆகும். இவ்வேறுபாடு அறியாதவர் தம் அளவு மிகக் குறைவு என்று மகிழ்ந்து மருந்தைக் குறைத்துக்கொள்ளவும் கூடும்.

இந்தியரின் உடலமைப்பும் கவனத்திற்குரியது. மெலிந்த தோற்றமுடையவராக இருப்பினும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்திருப்பது நம்மவரிடம் பரவலாகக் காணப்படுகிறது. ஆதலால், ஆசியர்க்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐ எட்டும்போதே எச்சரிக்கை தேவை. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எல்லைகளாகும். “நான் ஒல்லிதானே” என்னும் ஆறுதல் நமக்குப் பொருந்துவதில்லை.

ஆயுர்வேத, சித்த மருத்துவ நோக்கு

சரக சங்கிதையும் சுசுருத சங்கிதையும் சிறுநீர் தொடர்பான நோய்களைப் ‘பிரமேகம்’ என்னும் தலைப்பில் இருபது வகையாகப் பகுக்கின்றன. கபத்தால் வருவன பத்து, பித்தத்தால் வருவன ஆறு, வாதத்தால் வருவன நான்கு. மதுமேகம் வாதத்தின்பாற்படும், தீர்ப்பதற்கு அரியதாகவும் கூறப்படும். சித்த மருத்துவத்திலும் மேகநீர் இருபது என்னும் பகுப்பு இவ்வெண்ணிக்கையிலேயே அமைந்துள்ளது. சிறுநீரின் இனிமையையும் அதனை எறும்பு மொய்ப்பதையும் இந்திய மருத்துவர்கள் பண்டே கண்டறிந்திருந்தனர். ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் சிறுநீரின் இனிப்பைக் குறித்து எழுதியது 17ஆம் நூற்றாண்டில். அவ்வினிப்பு சர்க்கரையே என்பதை மாத்யூ டாப்சன் நிறுவியது 1776ஆம் ஆண்டில்.

இதனினும் நுட்பமானது மற்றொரு செய்தி. பிறவியிலேயே வருவது, தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது எனச் சுசுருதர் இந்நோயை இரண்டாகப் பிரித்தார். முன்னது மெலிந்தவரையும் பின்னது பருத்தவரையும் பற்றுவதாகக் கூறினார். மெலிந்தவருக்கு ஊட்டமும் பருத்தவருக்கு உடலை இளைக்கச் செய்யும் முறைகளும் விதிக்கப்பட்டன. இன்றைய முதல் வகை, இரண்டாம் வகைப் பகுப்போடு இதனை முற்றும் ஒன்றாக்கிவிடுதல் பொருந்தாது. ஏனெனில், பிரமேகம் என்பது நீரிழிவினும் விரிந்த வகைப்பாடு. எனினும், ஒரே நோய்ப்பெயரின்கீழ் இரு வேறு நோயாளிகள் உள்ளனர், இருவருக்கும் ஒரே மருத்துவம் ஆகாது என்னும் தெளிவு போற்றத்தக்கது.

நோய்க்குக் காரணமாகச் சரகர் கூறுவன, உட்கார்ந்தே காலங்கழித்தல், மிகுதியாக உறங்குதல், புதுத்தானியம், தயிர், வெல்லம் முதலியவற்றை மிகுதியாக உண்ணுதல் ஆகியவை. மருத்துவமாகவும் மரபு நூல்கள் முதலில் முன்வைப்பவை நடையும் உழைப்புமே. நெடுந்தொலைவு நடத்தல், கிணறு தோண்டுதல் போன்ற கடும் உழைப்பைச் சுசுருதர் விதித்தார். அப்பகுதியை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் கடையில் வாங்குவது ஆயுர்வேதத்தைப் பின்பற்றுவதாகாது.

மூலிகைகளும் சான்றுகளும்

நம்மவர் நாடும் மூலிகைகளுள் சிறுகுறிஞ்சான் முதன்மையானது. அதன் இலையை மென்றால் சற்று நேரத்திற்கு நாக்கில் இனிப்புச் சுவை தெரியாது. ஜிம்னீமிக் அமிலம் இனிப்பை உணரும் சுவை ஏற்பிகளைத் தடுப்பதே இதற்குக் காரணம். இது இனிப்பின்மீதுள்ள வேட்கையைக் குறைக்கக்கூடும். ஆனால், நாக்கில் இனிப்பு தெரியாமற்போவது இரத்தத்தில் சர்க்கரை இல்லாமற்போவதாகாது. வெந்தயத்தின் நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. பாகற்காய், ஆவாரை, நாவற்கொட்டை, மஞ்சளும் நெல்லியும் சேர்ந்த கலவை ஆகியவையும் வழக்கில் உள்ளன. இவற்றுட் சிலவற்றிற்குச் சிறிய ஆய்வுகள் ஓரளவு பயன் காட்டியுள்ளன. நிலைபெற்ற நோயைத் தனித்துக் கட்டுப்படுத்தும் அளவிற்கான வலுவான சான்று இவற்றுள் எதற்கும் இல்லை.

வேங்கை மரத்தைப் பற்றிய ஆய்வு ஒன்று இங்குக் கருதத்தக்கது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நடுவங்கள், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 97 பேருக்கு அதனைக் கொடுத்து ஆராய்ந்து, அவர்களுள் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததாக 1998ஆம் ஆண்டு வெளியிட்டன. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால், மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டால் விளைந்தது எவ்வளவு, மூலிகையால் விளைந்தது எவ்வளவு என்று அவ்வாய்வைக் கொண்டு பிரித்தறிய இயலாது. சான்றை எடைபோடுதல் என்பது இதுவே.

மூலிகை மருந்தாவதற்கான வழியையும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சுகாதார நிலையங்களில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுக்கப்படும் மெட்போர்மின், ‘கலேகா’ என்னும் ஐரோப்பியச் செடியின் வேதிப்பொருளை ஆராய்ந்ததன் வழியாக உருவானது. அப்பொருள் நச்சுத்தன்மை உடையதாக இருந்ததால், அதனோடு தொடர்புடைய பாதுகாப்பான சேர்மங்கள் தேடப்பட்டன. 1957ஆம் ஆண்டு பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்னும் மருத்துவர் மெட்போர்மினை நீரிழிவுக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார். ஆகவே, ‘மூலிகை இயற்கை, மாத்திரை செயற்கை’ என்னும் எதிர்வு சரியன்று. அளவு, தூய்மை, பக்கவிளைவு ஆகியன சோதிக்கப்பட்டனவா என்பதே கேட்கத்தக்க வினா.

பரவலான இரு தவறான எண்ணங்கள்

முதலாவது, மாத்திரைகளே சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்பது. உண்மையில், ஆண்டுக்கணக்காகக் கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமுமே சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. இந்நாட்டில் இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரிடையே நீரிழிவே தலையாய காரணமாக உள்ளது. மெட்போர்மின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருந்தால் அம்மருந்து உடலில் தேங்கும் என்பதால், மருத்துவர் அளவைக் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். இந்நிறுத்தத்தைக் கண்டவர்களே காரணத்தையும் விளைவையும் மாற்றிக் கூறுகின்றனர்.

இரண்டாவது, இன்சுலின் என்பது இறுதிக்கட்டம் என்பது. இன்சுலின் தொடங்கிய பின்னர்க் காலை இழந்தவர்களைக் கண்டதால் இவ்வச்சம் வேரூன்றியிருக்கலாம். அவர்கள் இன்சுலினால் காலை இழக்கவில்லை. இன்சுலினைத் தள்ளிப்போட்ட ஆண்டுகளில் நரம்பும் இரத்தக் குழாயும் பழுதுற்றமையால் இழந்தனர். 1998ஆம் ஆண்டு வெளிவந்த பிரிட்டனின் நெடுங்கால ஆய்வு, சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களிடம் கண், சிறுநீரகம் முதலிய சிறு இரத்தக் குழாய்ச் சிக்கல்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது.

சட்டமும் பாதுகாப்பும்

மலேசியாவில் மரபு மருத்துவம் சட்டத்திற்குப் புறம்பானதன்று. 2016ஆம் ஆண்டு மரபு, துணைநிலை மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தை ஏற்கப்பட்ட துறைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. மருத்துவம் பார்ப்போர் பதிவு செய்துகொள்வதற்கும் வழிவகுத்துள்ளது. பொட்டலமாக விற்கப்படும் மரபு மருந்துகள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ‘மால்’ என்னும் மூன்று ரோமன் எழுத்துகள், எட்டு இலக்கங்கள், இறுதியில் ‘டி’ என்னும் எழுத்து ஆகியவை கொண்ட எண்ணே அதன் அடையாளம். பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டன என்பதையே அவ்வெண் உணர்த்தும். நோய் தீரும் என்பதற்கு அது உறுதிமொழியன்று.

மேலும், 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. இந்தியாவிலும் 1954ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இதேபோல் தடைவிதித்துள்ளது. ஆகவே, ‘நாற்பது நாளில் சர்க்கரை முற்றும் குணமாகும்’ என்னும் துண்டறிக்கை கைக்கு வருமாயின், அதன் உள்ளடக்கத்தை ஆராயவும் தேவையில்லை, அவ்வறிக்கையே விதிமீறலாகும்.

இத்தடைகள் காரணமின்றி விதிக்கப்படவில்லை. 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதிக்கப்பட்ட 70 ஆயுர்வேதப் பொருள்களுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. 2008ஆம் ஆண்டு சிங்கப்பூரில், சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மைக்குறைவு மருந்துகளிலும் மூலிகைத் தயாரிப்பு ஒன்றிலும் ‘கிளிபென்கிளமைடு’ என்னும் நீரிழிவு மருந்து கலந்திருந்தது. அவற்றால் சர்க்கரை மிகத் தாழ்ந்து நூற்றைம்பது பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்; நால்வர் இறந்தனர். ‘பொடி உண்ட மறுநாளே சர்க்கரை இறங்கிற்று’ என்று ஒருவர் மகிழ்ந்து கூறும்போது, அப்பொடியில் வேறு என்ன கலந்துள்ளது என்னும் ஐயம் நமக்கு எழ வேண்டும்.

உணவும் வாழ்க்கைமுறையும்

இரு மருத்துவங்களும் தயக்கமின்றி ஒன்றுபடும் இடம் இதுவே. நம் பாட்டன்மார் தோட்டங்களில் விடியற்காலை முதல் நடந்து உழைத்தனர். அவர்கள் உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. நாம் சோற்றின் அளவை மாற்றவில்லை; உழைப்பை மட்டும் விட்டுவிட்டோம். அதனுடன் கெட்டிப்பால் கலந்த தே தாரேக், இரவு பத்து மணிக்கு ரொட்டி சானாய், ஞாயிற்றுக்கிழமை பங்சார் இரவுச் சந்தையின் பலகாரங்கள் ஆகியவை சேர்ந்துகொண்டன.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகப் பொருந்துவது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினர் நோயுற்றனர். உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொண்டவர்களுள் அவ்விகிதம் 39.3 விழுக்காடு. மெட்போர்மின் உண்டவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவே காணப்பட்டது. நம் இனத்தவரிடம், நம் உணவுச் சூழலில், நடை ஒரு மாத்திரைக்கு இணையாகப் பயன் தந்தது என்பது இதன் சாரம்.

நடைமுறையில் பின்பற்றத்தக்கவை கடினமானவையல்ல. மலேசியச் சுகாதார அமைச்சு பரப்பும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்னும் முறைப்படி, தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப்பங்கு காய்கறியும் பழமும் இருத்தல் வேண்டும். வாழையிலைச் சாப்பாட்டில் இவ்வளவை அப்படியே அமைத்துக்கொள்ளலாம். மறுசோறு கேட்பதற்கு மாறாக மறுகறி கேட்கலாம். கடையில் ‘தே ஓ கோசோங்’ கேட்டுப் பழகலாம். வாரத்திற்கு 150 நிமிட விரைவு நடை போதுமானது.

விரதமும் நேர்த்திக்கடனும் நம் வாழ்வோடு பிணைந்தவை. இன்சுலினோ கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ உட்கொள்பவர், உணவைத் தவிர்க்கும் நாள்களில் மருந்தளவை மாற்றுவது பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். நடுக்கம், வியர்வை, மயக்கம் தோன்றினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே அருந்தி, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். அந்நேரத்தில் விரதத்தை முடித்துக்கொள்வது பிழையாகாது. தைப்பூசத்தன்று பத்துமலையில் வெறுங்காலுடன் நடப்போர், கால் உணர்ச்சி குன்றியிருந்தால் சூடும் கீறலும் தெரியாமலேயே புண்பட நேரும். வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்ப்பது, அவ்வாறு பார்க்க இயலாதவருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்வது, ஒரு காலையே காப்பாற்றக்கூடும்.

இணைத்துப் பேணும் முறை

மரபு மருத்துவத்தை விரும்புவோர் அதனைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. சில நெறிகளைப் பேணினால் போதும். மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. உண்ணும் மூலிகை எதுவாயினும் அதன் பொட்டலத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரையும் மூலிகையும் சேர்ந்து சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடும். மரபு மருத்துவரிடமும் மாத்திரைப் பட்டியலைக் காட்ட வேண்டும். புதிய மூலிகையைத் தொடங்கினால் வீட்டிலேயே அளவைக் குறித்து வர வேண்டும். ‘உடம்பு இலேசாக இருக்கிறது’ என்பது அளவாகாது. ஆண்டுக்கொரு முறை கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்கள் மூலிகைப் பரிசோதனை எதிலும் இறங்கலாகாது.

‘முற்றும் குணம்’ என்னும் ஆசையைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் வகை நீரிழிவு சிலரிடம் மருந்தின்றி அடங்கியிருப்பது உண்மையே. 2017ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த ஆய்வொன்றில், மருத்துவக் கண்காணிப்பில் கடும் உணவுக் கட்டுப்பாட்டின் வழி எடையைக் குறைத்தவர்களுள் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் அந்நிலையை எய்தினர். ஆனால், அது நோயுற்ற சில ஆண்டுகளுக்குள் எடையைக் குறைத்தவர்களுக்குக் கிட்டியது. எடை மீண்டும் ஏறினால் நோயும் மீளும்.

முடிவுரை

பண்டைய மருத்துவர் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டார். இன்றைய மருத்துவர் விரல் நுனியின் ஒரு துளிக் குருதியில் எண்ணைக் காண்கிறார். இருவரும் நோயாளியிடம் கேட்பது ஒன்றே: அளவறிந்து உண்க, நடக்க, மறைக்காது உரைக்க. திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர் எவரும் இக்கருத்துக்குப் புதியவரல்லர். அவ்வதிகாரத்தை வகுப்பில் நடத்தும் நாளில், வீட்டில் பெரியவர்கள் எம்மருந்து உண்கின்றனர், எப்போது இறுதியாகப் பரிசோதித்தனர் என்று கேட்டுவருமாறு மாணவரிடம் கூறலாம். பல வீடுகளில் மாத்திரை உறையிலுள்ள மலாய், ஆங்கிலக் குறிப்புகளைப் பாட்டிக்குப் படித்துச் சொல்பவர் அம்மாணவரே. இரு மருத்துவங்களுக்கும் இடையில் நிலவும் மௌனத்தை அவர்களால் கலைக்க இயலும்.